மிஞ்சிய சிவப்புக் கட்டை

ராஜபாய் கட்டைகளை இணைத்துப் பொம்மையைப் பூட்டி முடித்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் ஒரு சிவப்புக் கட்டை இருந்தது.

"எனக்கு ஒண்ணு மிஞ்சுதே. எங்கயாவது விட்டுப்போட்டேனா?"

அவளுடைய கணவர் நேசமணி அதை வாங்கிப் பார்த்தார். அன்று காலையிலிருந்து பூட்டிப் பார்த்த மூன்று பேருக்கும் அதே சிவப்புக் கட்டைதான் மிஞ்சியிருந்தது. அவர் மெதுவாகத் திரும்பி ஷிஜியைப் பார்த்தார். ஷிஜி தரையைப் பார்த்தாள்.

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிறது நேசமணியின் தொழில். கண்காட்சியில் ஸ்டால் போடுகிற கம்பெனிகளுக்கு, அவர்கள் விற்கும் பொருளையே பிளாஸ்டிக் கட்டைகளால் சின்ன பொம்மையாக வடிவமைத்துக் கொடுப்பார். ஸ்டாலுக்கு வருகிறவர் அங்கேயே நின்று, கட்டைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டி, இலவசமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அவர் பூட்டுகிற ஐந்து நிமிடமும் கம்பெனிக்காரர் அவர் காதில் பேசிக்கொண்டே இருக்கலாம். கை வேலையாக இருக்கிற ஆள் எழுந்து போகமாட்டார். அதுதான் தொழிலின் சூட்சுமம்.

இந்த முறை ஆர்டர் கொடுத்தவர் அம்பூரி தங்கையன். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மெஷின் செய்கிறவர். எந்தப் பேச்சை எடுத்தாலும், "எனக்க மெஷின்ல ஒரு நட்டு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல" என்றுதான் முடிப்பார். அந்த வாக்கியத்தையே பொம்மைப் பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லியிருந்தார். ஐந்நூறு பாக்கெட் அச்சடித்து, கட்டைகளை எண்ணிப் போட்டு, சூடு வைத்து ஒட்டியும் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் நாற்பத்திரண்டு கட்டை. பூட்ட வழி சொல்லும் தாளில் இருப்பது நாற்பத்தொன்றுக்குத்தான்.

பொம்மையை வடிவமைத்தவள் ஷிஜி. மூன்று வருடமாகப் பாக்கெட் ஒட்டும் மேசையில் இருந்தவள். டிசைன் செய்துகொண்டிருந்த சஜின் திடீரென்று துபாய்க்குப் போய்விட, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொண்டவள் இவள்தான் என்பது தெரியவந்தது. நேசமணி அவளைக் கூப்பிட்டு, இந்தக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தால் சஜினின் சேர் உனக்கு, இல்லையென்றால் பழைய மேசை என்று சொல்லியிருந்தார். சுற்றுகிற சேர். ஷிஜி அதன் விளிம்பில் உட்கார்ந்துதான் மூன்று வாரம் வேலை செய்தாள். சஜின் உயரமானவன். சேரைத் தாழ்த்தினால் தனக்கே கிடைத்துவிட்டதாக நினைத்தது போலாகிவிடும் என்று, கால் தரையில் எட்டாமலே உட்கார்ந்திருந்தாள்.

அவள் அம்பூரி பாக்டரிக்கு ஒருமுறை போய், மெஷினை நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுத்து வந்திருந்தாள். அந்த நான்கையும் இப்போது திறந்து பார்த்தார்கள். பின்பக்கத்துப் போட்டோவில், மெஷினின் காலில், ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது சிவப்பாக ஒன்று. வழி சொல்லும் தாளை ஷிஜி முன்பக்கமிருந்தே வரைந்ததால் அது மறைந்துபோயிருந்தது.

பாக்கெட் மேசையிலிருந்து ஸ்வப்னா எழுந்து வந்தாள். படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். மூடி தெரிந்தது.

"எட்டி, இது யாருக்கயோ சோத்து டப்பா."

ஷிஜி படத்தை மறுபடி சின்னதாக்கினாள்.

"அங்க போனப்போ இது என்னதுண்ணு ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா, மக்கா?" என்றார் நேசமணி.

"கேக்க நாணமாட்டு இருந்துது, சார்."

மெஷினில் இருப்பதெல்லாம் மெஷின்தான் என்று நினைத்துச் செய்துவிட்டாள். பாக்கெட்டுகளை ஏற்றிப்போக மறுநாள் காலையில் வண்டி வருகிறது. ஐந்நூறையும் வெட்டித் திறந்து சிவப்புக் கட்டையை எடுக்க நேரமில்லை. மிஞ்சட்டும் என்று விடவும் முடியாது. ஒரு நட்டு கூடவும் இல்லை என்று எழுதிய பாக்கெட்டுக்குள்ளே ஒரு கட்டை மிஞ்சினால், தங்கையன் அதற்குப் பிறகு இந்த மாடிப்படி ஏறமாட்டார்.

நேசமணி கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். பிறகு வழி சொன்னார். தாள் பாக்கெட்டின் வெளிப்பையில்தானே இருக்கிறது, அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்: 'படி பதினெட்டு: சிவப்புக் கட்டையைப் பின்காலில் மாட்டவும்.'

ஷிஜி ஸ்டிக்கர் செய்தாள். ஆனால் தாளில் மற்ற எல்லாக் கட்டைக்கும் பெயர் இருந்தது. ரோலர், கைப்பிடி, தட்டு, பல்சக்கரம். இதற்கு மட்டும் பெயர் இல்லாதது ஸ்வப்னாவின் கண்ணில்கூடப் பட்டது. நேசமணி கொஞ்சம் யோசித்து, 'பாதுகாப்புப் பெட்டி' என்று போடச் சொன்னார். பாதுகாப்பு என்றால் யாரும் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

திருவனந்தபுரம் கண்காட்சியில் தங்கையனின் ஸ்டால் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் அசல் மெஷின். அதன் முன்னால் நீள மேசை. தங்கையன் வெள்ளை வேட்டியில் நின்று வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மெஷினை ஓட்டிக் காட்ட, பாக்டரியில் மெஷின் பூட்டுகிற பிட்டர் உண்ணி வந்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்றவர். மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

உண்ணியின் துணிப்பையிலிருந்து ஒரு சிவப்பு மூடி எட்டிப் பார்த்தது. கம்பியும் அதே கம்பி. ஷிஜி அதைப் பார்த்தாள். உடனே பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள்.

அசல் மெஷினின் பின்காலில் ஒன்றும் இல்லை. அதை மறைக்க நேசமணி மெஷினுக்குப் பின்னால் ஒரு பேனரைக் கட்டிவைத்தார்.

மத்தியானம் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. தோட்டக்காரர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி பூட்டினார்கள். பொம்மையின் கைப்பிடியைச் சுற்றினால் ரோலர் சுற்றியது. ஒரு பெரியவர் அதில் பஸ் டிக்கெட்டை விட்டு மறுபக்கம் எடுத்து, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். தங்கையன் நேசமணியின் தோளைத் தட்டினார். ஷிஜி அந்தச் சேரை மனதுக்குள் இரண்டு விரல் அளவு தாழ்த்திப் பார்த்தாள்.

பிறகு தங்கையன் யாரோ தெரிந்தவரைப் பார்க்க வெளியே போனார். உண்ணி பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கேண்டீனுக்குப் போனார். அந்த நேரத்தில் வந்தார் ஒற்றசேகரமங்கலம் விஜயம்மா. நான்கு ஏக்கர் ரப்பர், ஐம்பத்தைந்து வயது, எதையும் இரண்டு முறை படிக்கிறவர். பதினெட்டாம் படி வரை ஒன்றுவிடாமல் பூட்டினார். பிறகு எழுந்து பேனரை விலக்கிக்கொண்டு மெஷினின் பின்னால் போனார்.

"பொம்மையில பாதுகாப்புப் பெட்டி உண்டு. மெஷின்ல இல்லியே. பிள்ளே, இது எங்க?"

ஷிஜி நேசமணியைப் பார்த்தாள். நேசமணி முந்திக்கொண்டார். அது கேட்கிறவர்களுக்கு மட்டும் தனியாகப் பூட்டித் தருவது என்று சொல்லிவிட்டார்.

"அப்படியெங்கி எனக்கு அது வேணும்" என்றார் விஜயம்மா. "பெட்டி இல்லாத மெஷின் எனக்கு வேண்டாம். ஷீட் அடிக்க வாற பொண்ணுக்க கை போச்சுதுண்ணா யார் பதில் சொல்லியது?"

மேசையில் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அதுவரை அந்தப் பெட்டியைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. இப்போது அது இல்லாமல் எப்படி மெஷின் வாங்குவது என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. தங்கையன் திரும்பி வந்தபோது, புக்கிங் புத்தகத்தில் ஏழு பெயர் இருந்தது. ஏழுக்கும் பக்கத்தில் 'பெட்டியுடன்' என்று எழுதியிருந்தது.

தங்கையன் புத்தகத்தைப் பார்த்தார். விஜயம்மா பெட்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். தன் மெஷினில் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று ஏழு பேர் முன்னால் சொல்ல அவரால் முடியவில்லை. இந்த மாதமே கிடைக்கும் என்று தலையாட்டினார். பிறகு நேசமணியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன பெட்டி, வே?"

நேசமணி கூரையைப் பார்த்தார். அடுத்து என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் யோசிப்பது ஷிஜிக்குப் புரிந்தது. இன்னும் ஒரு பெயர் வைத்தால் மாலைக்குள் எழுபது பேர் எழுதிவிடுவார்கள். அவள் மூன்று வாரத்தில் முதல்முறையாக யாரும் கேட்காமலே வாயைத் திறந்தாள்.

"அது பெட்டி இல்ல, முதலாளி. உண்ணியண்ணனுக்க சோத்து டப்பா. போட்டோவில இருந்துது. மெஷினாக்கும்ணு நெனச்சுப் பொம்மையில வச்சுப்போட்டேன். தப்பு எனக்க தப்பு. சார் ஒண்ணும் செய்யல்ல."

தங்கையன் புத்தகத்தில் ஏழு பெயரையும் மறுபடி எண்ணினார். அதற்குள் கேண்டீனிலிருந்து திரும்பிய உண்ணி, வாயைத் துடைத்துக்கொண்டு மேசையோரம் உட்கார்ந்து, தானும் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். தாளை மடித்து ஒதுக்கி வைத்தார். மெஷின் பூட்டுகிறவருக்குத் தாள் எதற்கு.

"எனக்க மெஷின்ல ஒரு நட்டு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல" என்றார் தங்கையன். "நாடு முழுக்க அந்தப் பேர்லதான் நான் நிக்கியேன். அதுல கொண்டு சோத்து டப்பாவெத் தூக்கி வச்சா, அந்தக் கண்ணு டிசைனுக்குள்ள கண்ணில்ல. நேசமணி, இவள அந்தப் பழைய மேசையிலயே விடும். சேர்ல வேற ஆளெ இருத்தும்."

ஷிஜி தலையசைத்தாள். அழுகை வரவில்லை. சேரைத் தாழ்த்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

தங்கையன் திரும்பினார். "எலே உண்ணி, கேட்டியா? உனக்க சோத்து டப்பாவெ நம்ம மெஷினுக்க பார்ட்டா ஆக்கியாச்சு. ஏழு பேரு புக்கும் செய்தாச்சு."

உண்ணி பொம்மையைப் பூட்டி முடித்திருந்தார். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். ரோலர் சுற்றியது. திருப்தியாக மேசையில் வைத்துவிட்டு, மிஞ்சிய சிவப்புக் கட்டையை இரண்டு விரலால் எடுத்தார். குனிந்து பையிலிருந்து டப்பாவை வெளியே எடுத்தார். அது கனத்தது, அவர் இரண்டு கையாலும் தூக்கினார். விஜயம்மாவும் மற்ற ஆறு பேரும் நெருங்கி வந்து பார்க்க, மூடியைத் திறந்து கட்டையை உள்ளே போட்டார். இரும்பின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

"சோத்து டப்பாவோ? சோறு நான் கேண்டீன்லயாக்கும் தின்னது, முதலாளி" என்று ஸ்டால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் உண்ணி. "இது மெஷின் பூட்டி முடிக்கும்போ மிஞ்சுற நட்டெல்லாம் போட்டு வைக்கியது. பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு மெஷின்லயும் ஒண்ணு மிஞ்சும், ஒண்ணுகூடத் தூரக் களையாம பத்திரமாட்டு வச்சிருக்கேன்."