மாப்பிள்ளையின் சிவப்புக் கார்

வருங்கால மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டில் கை வைத்த மாஸ்டர், சுட்டுக்கொண்டு கையை உதறினார். ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி.

"மாப்பிள்ளை, வண்டி எங்க போயிட்டு வந்துச்சு?"

"எங்கயும் போகலையே மாமா. இப்பதான் எந்திரிச்சேன்." மாஸ்டர் ஊதிக்கொண்டிருந்த கையைப் பார்த்ததும், "ஆங், பால் வாங்கப் போனேன்" என்றான்.

பால் கடை அடுத்த கட்டடத்தில் இருந்தது.

மாஸ்டர் இருபது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். குறுக்கே வரும் நாய், ஓரமாக நிற்கும் வேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாணவர், எதையும் நம்பாமல் இருப்பதுதான் அவர் தொழில். ஞாயிறு விடிகாலையில் பைபாஸில் கார்களும் பைக்குகளும் ரேஸ் விடுவதாக ஊரே பேசிக்கொண்டது. அதில் ஒரு சிவப்புக் காரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசியது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். இருப்பது ஒரே மகள்.

"உங்களுக்கு யார் மேலதான் நம்பிக்கை? நான் நடந்து போனாக்கூட பிரேக் மிதிக்கிற ஆளு நீங்க" என்றாள் மனைவி.

"ஆதாரத்தோட வர்றேன்."

அடுத்த சனிக்கிழமை மாலை யாருக்கும் தெரியாமல் சிவப்புக் காரின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு வந்தார். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் கோட்டைக் காணோம்.

"டயரைக் கழுவினேன் மாமா."

வண்டி முழுக்கத் தூசி. டயரை மட்டும் கழுவுகிற மனிதனை மாஸ்டர் அன்றுதான் பார்த்தார்.

இனி பெரியவர்களிடம் பேச வேண்டியதுதான். மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு மாதமாக அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். வேகம் இருபதைத் தாண்டியதே கிடையாது. சைக்கிள் வந்தால்கூட நிறுத்தி, வழிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

"சம்பந்தி, உங்க பையன் ரேஸ் ஓட்டுறாரு."

அந்த அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். "அவன் எறும்பைக்கூட மிதிக்கமாட்டான் சம்பந்தி!"

"அப்ப ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க. பைபாஸ் சிக்னல்ல இதே வண்டியில நிப்போம். உங்க கண்ணாலயே பாருங்க. நீங்க வரலைன்னா கல்யாணம் நின்னுச்சுன்னு வச்சுக்குங்க."

சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வர்றேன். ஆனா உங்க பக்கத்து பிரேக்கைக் கழட்டிடுங்க. நீங்க திடீர் திடீர்னு மிதிச்சா எனக்குக் கை கால் உதறுது."

சாட்சி வேண்டுமே! மனசே இல்லாமல் கழற்றினார்.

ஞாயிறு விடிந்தது. சிக்னலில் சிவப்புக் கார் வரவேயில்லை.

"பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல."

அதற்குள் இடது பக்கம் இரண்டு பெரிய பைக்குகளும் வலது பக்கம் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரும் உறுமிக்கொண்டு வந்து நின்றன. நடுவில் டிரைவிங் ஸ்கூல் வண்டி, கூரையில் போர்டோடு.

"அவங்க போகட்டும். நாம மெதுவா..."

பச்சை விழுந்தது. வண்டி எகிறியது. மாஸ்டரின் கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது.

"சம்பந்தி! பிரேக்! பிரேக்!"

"ஐயோ, அது எதுங்க?"

"நடுவுல!"

"நடுவுல லாரியில்ல போகுது!"

முன்னால் இரண்டு லாரிகள். அவற்றுக்கிடையே ஒரு சந்து. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது லாரிகள் பின்னால் காட்டும் கண்ணாடியில் தெரிந்தன. பைக்குகளும் மஞ்சள் காரும் அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. மேம்பாலத்துக்குக் கீழே, சாலையின் குறுக்கே போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி நின்றது.

சம்பந்தியம்மாள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து மூச்சு வாங்கினார். "மன்னிச்சிடுங்க. பயத்துல கால் அழுத்திடுச்சு."

மாஸ்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு அப்பாவிப் பெண்மணியை எமன் வாசல்வரை கூட்டிவந்துவிட்டோமே!

"தப்பு என்னோடதுதான் சம்பந்தி. மாப்பிள்ளை சொக்கத் தங்கம். கல்யாணம் நடக்கும். இனிமே உங்க குடும்பத்தை நான் சந்தேகப்பட்டா ஏன்னு கேளுங்க."

ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பைக்கில் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே குனிந்து சிரித்தான்.

"என்னக்கா, போலீஸ் லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க, மறுபடி வாங்க டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேன்னு நீங்க சொன்னப்ப நாங்க நம்பவே இல்ல, கடைசியில சிவப்புக் கார் பத்தாதுன்னு அந்த ஸ்கூல் வண்டியிலயும் எங்களை ஜெயிச்சுட்டீங்களே!"