புளித்த பீருக்குக் கூடிய பஞ்சாயத்து

லைட்ஹவுஸ் குப்பம்,
பழவேற்காடு.

மீஞ்சூரில் குடியிருக்கும் என் அன்பு மைத்துனர் தேவேந்திரன் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் துளசிங்கம் எழுதுவது. ‘அவர்கள்’ என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன், கடிதம் முடிகிறவரை அது நிற்குமா என்று சொல்ல முடியாது. இங்கே நான், உன் அக்கா பச்சையம்மா, உன் மருமகள் அமுதவல்லி மூவரும் அம்மன் புண்ணியத்தில் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அங்கே நீயும் உன் வீட்டாரும் எங்களைவிடத் தெளிவாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதை எல்லாம் திருத்துகிறாள். கடைசியில் போனை வாங்கி அவளே பேசிவிடுகிறாள். பேப்பரில் அவளால் குறுக்கே வர முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் நீ கொண்டுவந்த சம்பந்தம்தான். பையன் பெயர் ஹரிஷ், ஆரம்பாக்கத்தில் நமக்குத் தெரிந்த குடும்பம், பெல்ஜியம் என்ற தேசத்தில் உணவுத் துறையில் நல்ல உத்தியோகம் என்று நீதானே சொன்னாய்? உணவு என்றதும் மீனை டப்பாவில் அடைக்கிற கம்பெனி என்று நான் நினைத்துக்கொண்டேன். நம்ம தொழில்தானே, பேசிக்கொள்ள நாலு விஷயம் இருக்கும் என்று சந்தோஷப்பட்டேன். பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய அம்மா தட்டை நீட்டினார். வெற்றிலை பாக்கு இருந்தது, பழம் இருந்தது, பூ இருந்தது, நடுவில் கழுத்தில் கம்பி கட்டிய கறுத்த பாட்டில்கள் இரண்டு படுத்திருந்தன. ரோஸ் சர்பத் என்று நினைத்து உன் அக்கா வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டாள். நான்தான் கேட்டேன், “இன்னா தம்பி இது?” என்று. பையன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறான், “பீர் மாமா. நாங்க செய்யறதுதான். நான் அதை ருசி பாக்கற வேலையில இருக்கேன்” என்று.

நீ மீஞ்சூரில் கடல் தண்ணீரைக் குடி தண்ணீர் ஆக்குகிற கம்பெனிக்குப் போனபிறகு ஊர் சமாச்சாரம் மறந்திருப்பாய், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். போன ஆடியில் அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்து ஊரே சத்தியம் செய்தது. எந்த வீட்டில் சரக்கு புழங்கினாலும் அந்த வீட்டுக்கு ஏரியில் பாடு கிடையாது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை விரிப்பது என்று நாம் முறைவைத்துக் கொடுக்கிறோமே, அந்தப் பாடு முறையில் அந்த வீட்டின் பேரை அடித்துவிடுவார்கள். இதை முதலில் எழுந்து நின்று பேசிய ஆள் யார்? நான். கை தட்டியது யார்? என்னைப் பிடிக்காதவன்கூடத் தட்டினான். அப்பேர்ப்பட்டவன் வீட்டு நடுக்கூடத்தில், வெற்றிலைத் தட்டில், பூ வைத்து, பீர்!

சரி, பையனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் ஏறியது. மற்ற பீருக்கு ஈஸ்டு போடுவார்களாம், இதற்கு ஒன்றும் போடுவதில்லையாம். பார்லியும் கோதுமையும் காய்ச்சின கஞ்சியைக் குளிர்காலத்தில் ஓர் அகன்ற தொட்டியில் ஊற்றி, மாடி ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். காற்றில் வருகிற கிருமி தானாக வந்து விழுந்து அதைப் புளிக்க வைக்குமாம். எந்தக் காற்று என்றேன், வாடையா கொண்டலா என்றேன். அதெல்லாம் தெரியாது, அந்த ஊர்க் காற்று மாமா என்கிறான். காற்றை நம்பித் தொழில் செய்கிறவனுக்குக் காற்றின் பேர் தெரியாதா? அப்புறம் அதை மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டுவைத்து, பழசையும் புதுசையும் கலந்து பாட்டிலில் அடைப்பார்களாம். இதற்கு லாம்பிக் என்று பெயர், கலந்ததற்கு கூஸ் என்று பெயர், செர்ரிப் பழம் போட்டால் இன்னொரு பெயர். பீப்பாய் இருக்கிற அறையில் ஒட்டடை அடிக்கவே மாட்டார்களாம். சிலந்தி இருந்தால்தான் பழ ஈ வராதாம். இதைக் கேட்டதும் உன் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெள்ளி, செவ்வாய் தவறாமல் ஒட்டடை அடிக்கிறவள், மகளை எப்பேர்ப்பட்ட வீட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் கடைசியாகக் கேட்டேன், “தினமும் குடிப்பியா?” என்று. “வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவேன் மாமா” என்றான். தேவேந்திரா, குடிகாரனை எனக்குத் தெரியும், குடிக்காதவனை எனக்குத் தெரியும். முதலாளி கொடுப்பதை நாள் முழுக்க வாங்கித் துப்பிவிட்டுச் சம்பளம் வாங்குகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் இப்படி முழித்துக்கொண்டிருக்கிறேன், அமுதா என்ன செய்கிறாள் தெரியுமா? பெண் பார்க்க வந்தவனிடம் கதவோரம் நின்று, “எந்தக் கிருமிங்க அது? மைக்ராஸ்கோப்ல பாத்தீங்களா?” என்று கேட்கிறாள். மீஞ்சூர் லேபில் ரத்தம் பரிசோதிக்கிற பெண்ணல்லவா! அவன் ஏதோ ஒரு கிருமியின் பெயரைச் சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். பதிலுக்கு அவள் இன்னொரு கிருமியின் பெயரைச் சொல்கிறாள். அவன் சிரிக்கிறான். கிருமியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நானும் அவன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இதோடு முடிந்திருந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். பையன்தான், “ஒரு தடவை மோந்து பாருங்க மாமா, சாராய வாடையே இருக்காது” என்று சொல்லிக் கம்பியை அவிழ்த்தான். அந்தத் தக்கை இருக்கிறதே, அது டப்பென்று கிளம்பி, வாசலைத் தாண்டி, தெருவில் போய்க்கொண்டிருந்த நம் நாட்டாமை குப்பனின் சலவைச் சட்டை மார்பில் பட்டது. வேறு ஆள் கிடைக்கவில்லையா அதற்கு? குப்பன் தக்கையை எடுத்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தக்கையை மோந்தார். “துளசிங்கம், இது இன்னா?” என்றார். “அதான் நாட்டாமை எனக்கும் தெரியல” என்று உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

சாயங்காலமே வலை பின்னுகிற கொட்டகையில் ஊர் கூடிவிட்டது. வழக்கு இதுதான்: துளசிங்கம் வீட்டுக்குள் வந்தது சரக்கா, இல்லையா? நான் எழுந்து என் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன். கெட்டுப்போன மீனை யாரும் மீன் என்று ஏலம் விடுவதில்லை. புளித்துப்போன பீரை மட்டும் எப்படி பீர் என்று சொல்லலாம்? அது கெட்டுப்போன பொருள், அவ்வளவுதான். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பையன் பின்னால் இருந்து, “கெட்டுப்போகல மாமா, அது அப்படித்தான் இருக்கணும்” என்று கெடுத்தான். எனக்காகப் பேசுகிறானா, எனக்கு எதிராகப் பேசுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

குப்பன் யோசித்தார். கூடை மீன் பழசா புதுசா என்று தகராறு வந்தால் நாம் என்ன செய்வோம்? ஐந்து பேர் தனித்தனியாகச் செவுளைத் தூக்கி மோந்து பார்த்து, ஒருவன் சொல்வது இன்னொருவனுக்குக் கேட்காதபடி நாட்டாமை காதில் மட்டும் சொல்வார்கள். கூடைக்காரன்தான் முதல் ஆள். ஐந்தில் மூன்று ஒத்துவந்தால் தீர்ப்பு, ஒத்துவராவிட்டால் மறுபடியும் பார்க்க வேண்டும். அதையே இதற்கும் செய்வோம் என்றார். இது சரக்கா என்று கண்டுபிடிக்கக் குடித்துப் பார்க்க வேண்டும், குடித்துப் பார்த்து இது சரக்கு என்று தெரிந்தால் நாம் எல்லோருமே குடித்தவர்கள் ஆகிவிடுவோமே என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான், எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஹரிஷ் பாட்டிலைக் குலுக்காமல் குழந்தையைத் தூக்குவதுபோல் சாய்த்து ஊற்றினான். “நெறத்தப் பாருங்க. மோந்து பாருங்க. கொஞ்சமா வாயில வச்சு நாக்க சுத்தி விடுங்க. மொதல் வாய்ல புளிப்பு மட்டும்தான் தெரியும், அதை நம்பாதீங்க” என்றான். முதலில் நான். வாயில் வைத்ததும் தாடை இரண்டும் இழுத்துக்கொண்டது, காதுவரை புளிப்பு. அப்புறம் ஈர வைக்கோல் வாசனை. அப்புறம் எலுமிச்சம்பழத் தோலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு. குப்பன் காதில், “மழையில் நனைஞ்ச மாட்டுக் கொட்டா” என்றேன். அடுத்தவர் “காயாத வலை” என்றாராம். அதற்கடுத்தவர் “பச்சை ஆப்பிள்”, இன்னொருவர் “எங்க வீட்டுப் பழைய ஊறுகாய் ஜாடி”, கடைசி ஆள் “ஆட்டுக் கிடா”. குப்பனுக்குக் கோபம் வந்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டார், “இன்னாய்யா இது, ஒரே தண்ணிய குடிச்சிட்டு ஆளுக்கொண்ணு சொல்றீங்க!” என்று. நாங்கள் எல்லோரும் திட்டியிருக்கிறோம் தேவேந்திரா, ஒருவர்கூடப் பாராட்டவில்லை. ஹரிஷ் என்னடாவென்றால் கைகூப்பிக்கொண்டு, “அய்யோ, அஞ்சு பேரும் கரெக்டா சொல்றீங்க! எங்க முதலாளி இதைக் கேட்டா அழுதுடுவாரு” என்கிறான். ஆட்டுக் கிடா நாற்றம் என்று சொன்னால் சந்தோஷப்படுகிற முதலாளி எப்படிப்பட்ட மனுஷன்?

ஒத்துவராததால் மறுபடியும் பார்த்தோம். இரண்டாம் முறையும் ஒத்துவரவில்லை. மூன்றாம் முறை “இது காதுல கேட்டுப் புரியற விஷயமில்ல” என்று நாட்டாமையே ஒரு வாய் பார்த்தார். இரண்டாவது பாட்டிலையும் திறந்தோம். ஆட்டுக் கிடா என்றவர் அதை வாபஸ் வாங்கி மாதுளை என்றார். பச்சை ஆப்பிள் என்றவர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டில் காலியானதும் குப்பன் தீர்ப்பு சொன்னார்: கூடையில் மீன் இல்லாதபோது மீனைப் பற்றிப் பேச முடியாது, அடுத்த பாட்டில் வரும்வரை வழக்கு நிற்கும், அதுவரை துளசிங்கத்தின் பாடும் நிற்கும். அப்படியென்றால் நான் வலை போட வேண்டுமானால் வீட்டுக்குப் பீர் வர வேண்டும், பீர் வந்தால் பாடு போய்விடும். இதை நான் இரண்டு நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன், விளங்கவில்லை.

பாடு எனக்குப் பெரிசில்லை தேவேந்திரா. ஊர் கூடி இன்னொரு நாள் மாற்றிப் பேசும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அந்தத் தண்ணீர் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றே தெரியவில்லை. பையன் விஷயத்திலும் அப்படித்தான். அவனை வெறுக்க ஒரு காரணம் தேடினேன், ஒட்டடை கிடைத்தது, துப்புவது கிடைத்தது. இரண்டும் போதவில்லை. உள்ளதைச் சொன்னால், அவ்வளவு தூரத்துக்கு அமுதாவை அனுப்ப எனக்குத் தைரியமில்லை. அவள் லேபிலிருந்து வருகிற பஸ் கொஞ்சம் தாமதமானாலே நான் ஸ்டாப்பிங்கில் போய் நின்றுகொண்டிருப்பேன். பெல்ஜியத்துக்கு எந்த ஸ்டாப்பிங்கில் போய் நிற்பது? ஆகவே நீ ஆரம்பாக்கம் போய், மரியாதைக் குறைவாக எதுவும் பேசாமல், ஜாதகம் ஒத்துவரவில்லை என்று பக்குவமாகச் சொல்லி இந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிடு. காரணம் கேட்டால் என்னைக் கைகாட்டிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கடலும் ஏரியும் நமக்குக் குறை வைக்காமல், உங்கள் எல்லோரையும் அம்மன் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
துளசிங்கம்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்யாதே. கவரை ஒட்டப் போகும்போது அமுதா வந்து உட்கார்ந்தாள். “நைனா, உனக்குப் புடிக்கலைன்னா சொல்லிடு. நானே அவர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். உன்னை இன்னா ஏதுன்னு கேக்க மாட்டேன்” என்றாள். தேவேந்திரா, குழம்பில் உப்பு போதுமா போதாதா என்பதற்கே என்னோடு அரை நாள் சண்டை போடுகிற பெண் அவள். இன்றைக்குச் சண்டையே போடாமல் விட்டுக்கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்! “ரொம்பப் புடிச்சிருக்கு, போ” என்று சொல்லிவிட்டேன். அவர்களிடம் நாள் பார்க்கச் சொல். இன்னொன்று. அந்த ஊரிலிருந்து ரயில் ஏறினால் கடல் பக்கம்தானாம். இவள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்காமல் ஒரு வாரம்கூட இருந்ததில்லை, அடிக்கடி கூட்டிப்போவானா என்று பையனை நீயே கேட்டுச் சொல். நான் கேட்டால் எனக்குக் குரல் வராது.