பங்கருக்குள் நானும் கூரை மேல் கயிறும்

எங்கள் ஒழுங்கையில் கயிற்றார் கட்டாமல் விட்டவை இரண்டே இரண்டு. ஒன்று, அந்தக் குறுந்தெருவின் முடிவில் கிடக்கும் மட்டக்களப்பு வாவி. மற்றது, அவருடைய வாய். மிச்சம் எல்லாவற்றையும் கட்டியிருந்தார். தகரக் கூரை, கோழிக்கூடு, கிணற்று வாளி, கோயில் மணி. சைக்கிளைத் தோணியோடு கட்டுவார், தோணியைத் தென்னையோடு கட்டுவார். தென்னையை எதோடு கட்டுவது என்பதுதான் வாழ்க்கையில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே தத்துவச் சிக்கல்.

அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சோதனைச் சாவடியில் மட்டும் பாவிப்பார். ஒழுங்கைக்குள் நுழைந்தால் கயிற்றார்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் எழுபத்தெட்டுச் சூறாவளி. ஊரையே உரித்துப் போட்ட அந்தக் காற்று, இவருடைய வீட்டுக் கூரையைப் பானை மூடி தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. மூன்றாம் நாள் வாவிக்குள் மல்லாந்து கிடந்ததைக் கண்டுபிடித்தாராம். அதன்மேல் இரண்டு நீர்க்காகங்கள் உட்கார்ந்து சிறகு காயவைத்துக்கொண்டிருந்தனவாம்.

"கூரை எண்ட, குடியிரிப்பு அவனுகள்ட. நான் கிட்டப் போக, என்னையப் பாத்து 'ஆர் நீ' எண்டு கேக்குற மாதிரி ஒரு பார்வ" என்பார்.

அன்று எடுத்த கயிறுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் தோளில் ஒரு சுருள், இடுப்பில் ஒரு சுருள் என்று, பாம்பு பிடிக்கிறவர் மாதிரித் திரிவார். தேங்காய்த் தும்பில் திரித்த கயிறுதான் வேண்டும். ஓட்டமாவடிக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் சொல்லிவைத்து எடுப்பித்துக்கொள்வார்.

"நைலோன் நனைஞ்சா வழுக்கும். தும்பு நனைஞ்சா இறுகும். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல மருமகன். மழையே வந்து முடிச்ச இறுக்கித் தரும்."

மருமகன் என்றது என்னை. நான் வெல்லாவெளிப் பக்கத்து வயற்காரக் குடும்பம். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தவன் பெண்ணுக்குக் கொடுத்த சீதன வீட்டில்தான் போய்க் குடியிருப்பான். ஆகவே வீட்டைச் சுற்றிய வளவு, கிணறு, தகரக் கூரை எல்லாம் என் மனைவி கமலியுடையவை. என்னுடையவை ஒரு சைக்கிளும் கொஞ்சம் கௌரவமும். பக்கத்து வீட்டுக் கயிற்றாரைக் கமலி பெரியப்பா என்று அழைப்பாள். அதனால் எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மருமகன்.

அது யுத்த காலம். மின்சாரம் என்ற சொல்லையே மறந்திருந்தோம். ஒவ்வொரு வளவிலும் ஒரு பங்கர்க் குழி வெட்டி, மேலே தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தோம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பத்திரம் எல்லாம் அதற்குள். எங்காவது ஷெல் விழுந்து 'டும்' என்று கேட்டால் பையை எடு, பங்கருக்குள் குதி. இதை யோசித்துச் செய்வதில்லை. கொட்டாவி வந்தால் வாய் திறக்கிற மாதிரி, சத்தம் கேட்டால் கால் ஓடும். என் கால்கள் இந்தக் கலையில் ஒழுங்கைக்கே முதலிடம்.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு மனிதர் முப்பது பாகம் நீளக் கயிற்றோடு சோதனைச் சாவடியைக் கடக்கலாமா? கடந்தார். ஒருநாள் புளியந்தீவுக் கந்தோரில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் கயிற்றார். சிப்பாய் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "மேக்க மொக்கடத?" என்றான். எதற்கு இது என்று கேட்கிறான். கயிற்றாருக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் நடிக்கத் தெரியும். கைகளை வீட்டுக் கூரைபோல் குவித்தார். 'ஹூய்ய்ய்' என்று ஊதினார். கூரை பறந்தது. அது எங்கே போய் விழுந்தது என்று காட்டுவதற்காக நடுத்தெருவில் ஓடத் தொடங்கினார். துவக்கு வைத்திருக்கிறவர்களுக்கு முன்னால் ஓடக்கூடாது என்பது அன்றைக்குக் குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும்.

சிப்பாய் என்னைப் பார்த்து, "தெரியுமா இந்த ஐயா?" என்றான்.

"தெரியாது" என்றேன். என் குரல் அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அப்போது கயிற்றார் திரும்பி, "மருமகன், நல்ல நேரம் வந்திங்க. இந்த நுனியப் புடிங்க" என்றார்.

நடந்தது என்னவென்றால், அந்தச் சிப்பாயின் ஊரிலும் ஒரு காற்று வீட்டைத் தூக்கியிருக்கிறது. அரைகுறைத் தமிழில், "எங்கட அம்மா வீடு... போச்சு" என்றான். அவ்வளவுதான், கயிற்றார் சாவடித் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். மேலே மண்மூட்டை வைத்திருந்தார்கள். தலையை ஆட்டினார். காற்று மேலிருந்து அமுக்காது, கீழிருந்து தூக்கும் என்று மறுபடியும் நடித்தார். அரை மணித்தியாலம் நானும் அவரும் சோதனைச் சாவடிக்குக் கூரை கட்டினோம். வரிசையில் நின்ற சனம் எங்களைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மருமகன், உங்கட தகரம் ஆணியில மட்டும்தான் நிக்கிது. கமலிப் புள்ளைக்கு இது எட்டாம் மாசம். கட்டிப் போடுவம்."

கமலி உடனே, "கட்டுங்க பெரியப்பா" என்றாள்.

நான் மறுத்தேன். அடுத்த கிழமை வெல்லாவெளியிலிருந்து என் அப்பா வருவதாக இருந்தது. கட்டிவைத்த வீட்டைப் பார்த்தால், 'ஏன்டா, வீடு பட்டியை விட்டு ஓடித் திரியிதா?' என்று கேட்பார். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

"எங்கட பக்கம் மாட்டத்தான் மாமா கட்டுவம்" என்றேன்.

கயிற்றார் கோபிக்கவில்லை. "சரி, கயிறு வேணாம். முளை மட்டும் அடிச்சு வைக்கன்" என்றார். நான் கந்தோருக்குப் போன நேரம் பார்த்து, வளவின் நான்கு மூலையிலும் பாலைக்கட்டை முளைகளை முழங்கால் உயரத்துக்கு விட்டு இறுக்கினார். அந்த ஒரு கிழமையில் அவற்றில் தடுக்கி நான் ஆறு தரம் விழுந்தேன். ஒவ்வொரு தரமும் வேலிக்கு அப்பாலிருந்து, "முளை அசைஞ்சதா மருமகன்?" என்று குரல் வரும். என் கால் அசைந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு சண்டையால் பாதை பூட்டுப்பட்டது. அப்பாவின் பயணமும் ஓட்டமாவடியிலிருந்து கயிறு வருவதும் நின்றன. இருந்த கயிற்றை ஒழுங்கை வீடுகளுக்குப் பகிர்ந்து கட்டிவிட்டார். மழை மட்டும் பாதை பூட்டியிருப்பது தெரியாமல் பத்து நாளாக வந்துகொண்டிருந்தது. பதினோராம் நாள் காலை, உயிர்போகிற பற்றரியில் வானொலி முனகியது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், கிழக்குக் கரையோர மக்கள் அவதானமாக இருக்கவும். அவதானமாக என்ற சொல்லோடு பற்றரியும் செத்தது.

நான் அவதானமாக இருந்தேன். கதவுத் தாழ்ப்பாளைப் பதினேழு தரம் சரிபார்த்தேன். கமலி குடத்தில் தண்ணீர் நிரப்பினாள், அரிசியையும் நெருப்புப் பெட்டியையும் பொலித்தீனில் சுற்றினாள், குழந்தைக்குத் தைத்த சட்டைகளைத் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். நான் பதினெட்டாம் தரம் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

பத்து மணியளவில் வாவி வெள்ளையாகப் பொங்கியது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. தலைக்கு மேல் தகரம் மூச்சு வாங்கத் தொடங்கியது. உப்பும், படியும். உப்பும், படியும். அப்போது, 'டமார்!'

கால்கள் தங்கள் கடமையைச் செய்தன. பையை எடுத்தேன், ஓடினேன், பங்கருக்குள் குதித்தேன். பத்து நாள் மழைத் தண்ணீர் நெஞ்சுவரை வரவேற்றது. நாலைந்து தவளைகள், புதிதாகக் குடிவந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தன. பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமூச்சு விட்டேன். கலியாணப் பத்திரம் என் கையில் பத்திரமாக இருந்தது. கலியாணம் முடித்தவள் வீட்டுக்குள் நின்றாள்.

"கமலீ, ஓடி வா!" என்று தண்ணீருக்குள் நின்றபடி கூப்பிட்டேன். எட்டு மாதக் கர்ப்பிணியை.

பங்கர் வாசலில் கயிற்றாரின் முகம் தெரிந்தது. தோளில் பெரிய கயிற்றுச் சுருள்.

"என்ன மருமகன், றால் பிடிக்கிறிங்களா?"

"ஷெல் மாமா! ஷெல் விழுது!"

"அது தேங்கா. எண்ட கோழிக்கூட்டுத் தகரத்தில விழுந்தது. வெளிய வாங்க, மண் சரியிது."

உண்மைதான். பக்கத்து மண் சோறு மாதிரிக் கரைந்து, என் முழங்காலைச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது. காலைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. அதுவரை பயந்தது பழக்கத்துக்கு. அந்த நிமிடம் பயந்தது உண்மையாக.

அவருடைய இடுப்புச் சுருளின் நுனி வந்து விழுந்தது. "இடுப்பில கட்டுங்க. கெதியா!" மறு நுனியை மாமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். புட்டுக்குழலிலிருந்து புட்டு வெளிவருவது மாதிரி வெளியே வந்தேன். நான் வெளியே வரவும் தென்னங்குற்றிகள் உள்ளே இறங்கவும் சரியாக இருந்தது.

"மறுகா நடுங்குவம்" என்றார் கயிற்றார். "இப்ப அந்த முளைக்கிட்டப் போங்க."

கயிற்று நுனியில் கல்லைக் கட்டிக் கூரைக்கு மேலால் எறிந்தார். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் காலடியிலேயே போட்டது. "இரிங்க, காத்து மூச்சு எடுக்கும்" என்று காத்திருந்தார். ஒரு நொடி ஓய்ந்தது. எறிந்தார். கல் என் காதை உரசிக்கொண்டு விழுந்தது. நான் கிழக்கு முளையில் கட்டப்போக, கதவு நிலையைப் பிடித்தபடி கமலி கத்தினாள்:

"அங்க இல்ல! குறுக்கால! மற்ற முளைக்கு!"

குறுக்கே இரண்டு கயிறுகள், நான்கு முளைகள். நான் போட்ட முடிச்சுகளைக் கயிற்றார் ஒரு பார்வை பார்த்தார், அவிழ்த்துவிட்டுத் தானே திரும்பப் போட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். தகரம் ஒரு தரம் எழும்பியது. கூரையின் நடு வளை மரம் முனகியது. கமலி வயிற்றைப் பொத்திக்கொண்டாள். கயிறு 'கிறீச்' என்று இறுகியது. தகரம் படிந்தது. மறுபடி எழும்பப் பார்த்தது. இந்த முறை அவ்வளவு எழும்பவில்லை. கயிற்றார் கண்ணை மூடி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சிட்டிது. இனிப் பயமில்ல."

அப்போதுதான் கவனித்தேன். என் இடுப்புக் கயிறு அவிழ்க்கப்படவில்லை. அதன் மறு நுனி கட்டில் காலில் கட்டப்பட்டிருந்தது.

"மாமா, இத அவிழ்த்து விடுங்க."

"அவிழ்க்காதிங்க பெரியப்பா" என்றாள் கமலி. "திரும்பவும் ஓடிருவார்."

பிற்பகல் இரண்டு மணி வரை கட்டுண்டு கிடந்தேன். என் அப்பா வந்து பார்த்திருந்தால், கட்டவேண்டியதைத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்.

காற்று விட்டதும் வெளியே வந்தோம். ஒழுங்கையில் எல்லாக் கூரையும் நின்றது, ஒன்றைத் தவிர. கயிற்றார் வீட்டில் நான்கு சுவர்களும் வானமும் மட்டும் இருந்தன. அவருடைய முளைகள் நான்கும் கயிறில்லாமல் நின்றன. எங்கள் கூரை மேல் கிடந்த கயிற்றைத் திரும்பிப் பார்த்தேன். அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"மாமா, ஏன்..." என்றேன்.

"மிச்சக் கயிறு ஒரு வீட்டுக்குத்தான் காணும். உங்கட வீட்டில ரெண்டரப் பேர். எண்ட வீட்டில நான் ஒராள். வேறென்ன செய்யிற?" என்று சொல்லிவிட்டு வாவியைப் பார்த்தார். "அதோட, எண்ட கூரைக்குப் பறந்து பழக்கம். வழி தெரியும்."

கூரை வாவிக்குள் பழைய இடத்துக்குக் கிட்டத்தான் கிடந்தது. பாதித் தகரம் பாவிக்கேலாது. ஒழுங்கையில் ஆளுக்கொரு தகரம் கொடுத்தார்கள். சிவப்பு, நீலம், துருப்பிடித்தது என்று பல நிறம். சாவடிப் பக்கத்திலிருந்து பச்சை நிறத்தில் இரண்டு வந்து சேர்ந்தன. அவற்றைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்காமல் விடுவதும் ஒரு மரியாதை. நான் எங்கள் பங்கர் வாசல் தகரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தப் பங்கருக்குள் நான் இனி இறங்கமாட்டேன் என்பது ஒழுங்கை முழுவதுக்கும் தெரிந்திருந்தது. பாதை திறந்த முதல் நாளே ஓட்டமாவடிக்குப் போய் இரண்டு வீட்டுக்கும் கயிறு வாங்கி வந்தவனும் நான்தான். கடை நானா, "என்ன தம்பி, மாடு எத்தின?" என்றார். "வீடு ரெண்டு" என்றேன்.

அடுத்த மாதம் மகள் பிறந்தாள். ஏணைத் தொட்டில் கட்டக் கயிற்றார் வந்தார். நடு வளையில் கயிறு போட்டு, சீலை கட்டுமுன் தானே அதில் தொங்கி ஆடிப் பார்த்தார். பிறகு என்னைத் தொங்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் தாங்கிய பிறகுதான் நாலு இறாத்தல் பிள்ளையைப் போட அனுமதி கிடைத்தது.

மகளுக்கு இப்போது கலியாணமாகி, வீடு அவளுடையதாகிவிட்டது. தகரம் போய் ஓடு வந்தது. கயிற்றாரும் போய்ச் சேர்ந்து பல வருடம். ஆனால் அந்த நடு வளை மட்டும் மாறவில்லை. அதில் ஏணையின் முடிச்சு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றட்டுமா என்று கேட்பார்கள். சரியான இறுக்கம், எவராலும் அவிழ்க்கேலாது என்று நானும் ஒவ்வொரு முறையும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.