பேச்சிக் கரடியும் பட்டு வேட்டி மாமனும்

ஒரு காட்டில், செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கிற ஒரு காட்டில், பேச்சி என்றொரு கரடி இருந்தாள். அவளுடைய தலைச்சன் குட்டிக்குப் பின்பக்கமெல்லாம் செக்கச்செவேலென்று புண். எல்லாம் நரி கடை பிளாஸ்டிக் டயப்பர் செய்த வேலை. உட்கார்ந்தாலும் அலறும், படுத்தாலும் அலறும். பேச்சிக்குப் பெத்த வயிறு பற்றி எரிந்தது.

நேரே நரியிடம் போய்ச் சத்தம் போட்டாள்.

"கோவப்படாதக்கா, இயற்கை டயப்பர் வந்திருக்கு. மூங்கில் நார்ல செஞ்சது," என்றான் நரி.

"நம்ம காட்டு மூங்கிலா?"

"சேச்சே, கப்பல்ல வருது."

இந்தப் பேச்சு நடந்ததே ஒரு மூங்கில் புதருக்குள்தான். பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் உறைக்குள் பிளாஸ்டிக் உறை. "நீயும் உன் இயற்கையும்!" என்று திட்டிவிட்டு வந்தவள், தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டினாள். நனைய நனைய மாற்றினாள், துவைத்தாள், வெயிலில் காயப்போட்டாள். இடுப்பு ஒடிந்துபோனது. ஆனால் புண் ஆறிவிட்டது, குட்டி சிரித்தது.

அதற்குள் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? மாமன் ஒச்சப்பன் புதுப் பட்டு வேட்டியில் பந்தலுக்கு வந்தான். துணி கட்டிய மருமகனைக் கண்டதும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"தங்கச்சி, இன்னைக்கு ஒருநாள் அந்த டயப்பரப் போட்டு விடேன். சபையில என் கௌரவம் என்னாகுறது?"

"உன் கௌரவம் நனைஞ்சா காயும்ணே. என் புள்ளைக்குப் புண்ணு வந்தா யாரு அழுறது?"

மரங்கொத்தி ஆசாரி காதில் மூக்கை வைத்தார். குட்டி வீறிட்டது. மேலே அழுகை, கீழே அருவி. பட்டு வேட்டி காலி. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

இதோடு காடு திருந்தியது என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? திருந்தியதே! தாய்மார் எல்லாரும் பருத்தித் துணிக்கு மாறினார்கள். நரி கடையில் ஈ ஓட்டினான்.

கொஞ்ச நாள்தான். பிறகு ஒரு போர்டு மாட்டினான்: 'மாமன் டயப்பர். மடியில் கட்டினால் பட்டுக்கு முழுப் பாதுகாப்பு.' வரிசையில் முதல் ஆள் ஒச்சப்பன்.

இப்போது காட்டு ஓடையை அடைத்துக்கொண்டு கிடப்பதெல்லாம் பெரிய கரடி அளவு டயப்பர். பேச்சி குட்டித் துணி அலச அடுத்த காட்டுக்குப் போய் வருகிறாள்.

நீதி: பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால் டயப்பரை நிறுத்திவிடலாம். பெரியவர்களின் கௌரவத்துக்குத்தான் ஆயுசுக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.