எங்கே உண்பது, எங்கே பருகுவது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, எழுத்தைக் கண்டுபிடித்தது. அத்துடன் களைத்துப் போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, 1952ஆம் வருஷம் மலையாள மிதுன மாதம் திருவனந்தபுரத்தில் 'உணவு, பான ஸ்தல நிர்ணயக் கமிட்டி'யைக் கண்டுபிடித்தது. அந்த மகத்தான கமிட்டிக்குக் காரியதரிசியாக இருக்கும் பாக்கியம், எங்கள் கலாசாலையின் ஹெட் கிளார்க்காகிய அடியேன் பூதலிங்கத்துக்கு வாய்த்தது. கலாசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் பென்ஷன் ஆகவில்லை. நகரத்துக்கு வடக்கே, பலாமரங்களை வெட்டி விரிவுரை மண்டபங்களை நட்டுக்கொண்டிருந்த ஒரு புறநகர் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

கமிட்டி பிறந்த கதை இது. மழை தொடங்கிய முதல் வாரத்தில் எங்கள் மாணவர் விடுதியில் ஆறு பையன்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. டாக்டர் வந்தார், பார்த்தார், 'குடிதண்ணீரைச் சோதிக்கவும்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டை நான் உரிய ஃபைலில் வைத்தேன். உரிய ஃபைல் என்பது மறுபடி யாரும் திறக்காத ஃபைல்.

பிரின்ஸிபால் டாக்டருக்கு முன்பே நோயைக் கண்டுபிடித்திருந்தார். "பையன்கள் வெளியே கண்ட இடத்திலே தின்கிறார்கள்" என்றார். ஆகவே, வெளியே எங்கே உண்ணலாம், எங்கே பருகலாம் என்று மாணவர்களுக்குக் 'கைவிளக்கு' என்ற ஒரு கையேடு அச்சிடத் தீர்மானமாயிற்று. தாவர சாஸ்திரப் பேராசிரியர் கோமதிநாயகம் தலைவர். கணித விரிவுரையாளர் பட்டாபி உறுப்பினர். ஒருவருக்கு இலையின் மேல் பற்று; மற்றவருக்கு இலையில் விழுவதின் எண்ணிக்கையில் பற்று. இதைவிடப் பொருத்தமான கமிட்டி அமையாது.

முதல் கூட்டத்திலேயே நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "விடுதிச் சமையலறையையும் கிணற்றையும் பார்க்க வேண்டாமா, ஸார்?"

கோமதிநாயகம் திருநெல்வேலிக்காரர். கோபமோ குஷியோ வந்தால்தான் ஊர்ப் பேச்சு வரும். "என்னவே பூதலிங்கம்! தீர்மானத்துல 'வெளியே'ன்னுதானே இருக்கு? உள்ள பாக்கணும்னா அதுக்கு வேற கமிட்டி போடணும்லா?" என்றார்.

நான் பணிந்தேன். குழுவுக்கும் கூழுக்கும் ஒரு நெடில்தான் வித்தியாசம். கூழ் பசித்தவன் வயிற்றுக்குள் போகும். குழு பசிக்காதவர்களைப் பந்திக்கு அழைத்துப் போகும்.

எங்களை முதலில் பந்திக்கு அழைத்தது நாகேஸ்வரனின் 'நளபவனம்'. நாகேஸ்வரன் ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர், வாசலில் மூன்று அங்குலம் குனிந்து நின்றார்.

"வரணும், வரணும்! கமிட்டின்னு ஒண்ணு லோகத்திலே இருக்குன்னு இத்தனை நாள் தெரியாம போயிடுத்தே!"

ரசவடை வந்தது, போளி வந்தது, நெய் ஒழுகும் அல்வா வந்தது, காப்பி இரண்டு முறை வந்தது. பில் வரவில்லை. 'இலவசம்' என்ற கொச்சையான சொல் அங்கே உச்சரிக்கப்படவே இல்லை. 'அபிப்பிராயம்' என்றுதான் சொன்னார்கள். "இன்னொரு போளி போடட்டுமா? அபிப்பிராயம் தெளிவா வரணுமோன்னோ!" என்றார் நாகேஸ்வரன். பட்டாபி வடையின் விட்டத்தைப் பென்ஸிலால் அளந்து குறித்துக்கொண்டார். "வட்டம்னா இது வட்டம்!" என்று கண் கலங்கினார். முதல் பரிசோதனையை உறுதிப்படுத்த இரண்டாம் முறையும், இரண்டாவதில் கண்ட சிறு முரண்பாட்டைக் களைய மூன்றாம் முறையும் போனோம். விஞ்ஞானம் அப்படித்தான் வளர்கிறது. கமிட்டி விட்ட ஏப்பம் எந்தக் கணக்கிலும் வராது.

கடைசியாக முத்தாரம்மாளின் இடம். அதற்குப் பெயர் கிடையாது. விடுதியின் பின்வேலிக்கு அப்புறம் ஓலைக் கொட்டகை. இரண்டு வரிசைப் பாய். அவள் தோவாளைப் பக்கத்திலிருந்து வந்த விதவை. கஞ்சி, பயறு, துவையல், சுட்ட பப்படம். குடிக்கச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். நான் ஆறு வருஷமாக மதியச் சாப்பாடு அங்கேதான். நோய் கண்ட ஆறு பையன்களும் பிழைத்ததும் அந்தக் கஞ்சியால்தான். விடுதியில் அவர்களுக்குப் பூரிக்கிழங்கு கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கஞ்சித் தெளிவைத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றி வேலிவழி நீட்டினாள். வேலப்பன் என்ற பையனுக்கு மட்டும் அது போதவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியாத அவனைத் தன் கொட்டகைக்கே தூக்கிவரச் சொல்லி, எட்டு நாள் வைத்திருந்து நடக்கவைத்து அனுப்பினாள். இந்தத் தகவல்கள் கமிட்டியின் வரம்புக்குள் வராததால் நான் எங்கும் குறிக்கவில்லை.

கமிட்டி வந்ததும் முத்தாரம்மாள் குனியவில்லை. கையில் அகப்பை இருந்தது. "உக்காருங்க. அந்த ஓரத்துல ரெண்டு எடம் கெடக்கு பாருங்க" என்றாள்.

அந்த இரண்டு இடங்களுக்கு ஒரு பக்கம் விடுதித் தோட்டக்காரன், மறுபக்கம் பி.ஏ. மாணவன். பட்டாபி உட்காரவில்லை. நின்றபடியே ஒரு மட்டி வாழைப்பழத்தை மட்டும் உரித்தார். "பழத்துக்குத் தோஷமில்லை" என்று என்னிடம் விளக்கினார். கோமதிநாயகம் உட்கார்ந்தார், இரண்டு முறை கஞ்சி வாங்கினார், துவையலை மூன்று முறை. எழுந்து கை கழுவப் போனபோதுதான் சரித்திரம் திரும்பியது.

"ஐயா, எலை" என்றாள் முத்தாரம்மாள்.

"என்ன இலை?"

"ஒங்க எலைதான். எடுத்து அந்தக் குழியில போடணும். இங்க எல்லாரும் அப்பிடியாக்கும்."

பேராசிரியர் கோமதிநாயகம் ஆயிரக்கணக்கான இலைகளை ஆராய்ந்தவர். சாப்பிட்ட இலையைத் தொட்டதில்லை. தோட்டக்காரன் தன் இலையை மடித்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டு நின்றான். பையன்கள் பப்படம் கடிப்பதை நிறுத்தினார்கள். அவர் இலையை எடுத்தார். அதைக் குழிக்குக் கொண்டுபோன பத்தடி தூரமும் அவர் முகம் ஒரு பெரிய அரசமரம் சாய்வதுபோல இருந்தது.

திரும்பி வந்தவர் பழிவாங்கும் குரலில் கேட்டார்: "ஆறு பையன்களுக்கு வயிறு கெட்டுதே, அது உங்க கஞ்சியினாலதானோ?"

"அது கஞ்சியில்ல ஐயா. ஒங்க ஹாஸ்டல் கெணறு. எட்டிப் பாத்தியளா? கக்கூசுக்கும் கெணத்துக்கும் நாலு எட்டு. மழை பெஞ்சா ரெண்டும் ஒண்ணுதான்."

"நீங்க படிச்சிருக்கியளா?"

"இல்ல. மூக்கு இருக்கு."

அன்று மாலையே அறிக்கையின் அந்தப் பகுதியை எழுதச் சொன்னார். என் நடை நல்ல நடை என்று பெயர் வாங்கியது. எழுதினேன்: 'நளபவனம்: முதல் தரம். பின்வேலிக் கொட்டகை: பெயர்ப்பலகை இல்லை. உண்ண வருவோர் உடலுழைப்புக்கு உட்படுத்தப்படுகின்றனர். கல்வி நிலையத்தின் நீர்நிலை குறித்து அவதூறு பரப்பப்படுகிறது. மாணவர் தவிர்க்கவும்.' இதன் கீழே பிரின்ஸிபால் ஒரு வரி சேர்த்தார்: அங்கே உண்ணும் விடுதி மாணவர் தம் அறையை இழப்பர்.

மறுநாள் கமிட்டியின் இறுதிக் கூட்டம். மேசைமேல் நளபவனம் அனுப்பிய காப்பி ஆவி பறந்தது. கதவு திறந்தது. முத்தாரம்மாள் ஒரு செம்பும் டம்ளருமாக உள்ளே வந்தாள். பின்னால் வேலப்பன். ஜன்னல்களில் பையன்களின் தலைகள்.

"இது ஒங்க கெணத்துத் தண்ணி. இப்பம்தான் இவன் கோரிக்கிட்டு வந்தான்" என்று செம்பை மேசைமேல் வைத்தாள். "நாஞ் சொன்னது அவதூறுன்னு எழுதியிருக்கியளாம், ஒங்க பியூன் சொன்னான். சரி. ஆளுக்கு ஒரு வாய் குடியுங்க. நீங்க குடிச்சா நான் இன்னைக்கே கடையைப் பூட்டிட்டு ஊருக்குப் போறேன்."

கோமதிநாயகம் தொண்டையைக் கனைத்தார். "கமிட்டியில் சாட்சி சொல்லலாம். பானம் கொண்டுவர விதியில்லை."

"கமிட்டிப் பேருலயே பானம் இருக்கே, ஐயா?"

அவள் டம்ளரில் ஊற்றிப் பட்டாபியின் முன்னால் நகர்த்தினாள். பட்டாபி நாற்காலியோடு பின்னால் போனார். "இன்னிக்கு ஏகாதசி. தண்ணிகூடப் பல்லிலே படப்படாது" என்றார்.

"ஸார், காப்பி குடிச்சாச்சே?" என்றான் வேலப்பன்.

"சாஸ்திரம் எழுதினபோது காப்பி கிடையாது. ஆகையாலே அதுக்குத் தடையும் கிடையாது."

டம்ளர் தலைவரிடம் வந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல தெளிவு! ஆனா டாக்டர் எனக்குத் தண்ணியே ஆகாதுன்னுருக்கார்" என்றார்.

"எந்தத் தண்ணி ஐயா?"

"கிணத்துத் தண்ணி."

ஜன்னலில் ஒரு சிரிப்பு வெடித்தது. ஜன்னலைச் சாத்தும்படி எனக்கு உத்தரவு. நான் சாத்திவிட்டுத் திரும்பினபோது டம்ளர் என் இடத்துக்கு எதிரே இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஆறு வருசம் என் கையால சாப்பிட்டவரு நீங்க. குடிக்க வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

டாக்டரின் சீட்டு இருக்கும் ஃபைல், கை நீட்டினால் எட்டும் அலமாரியில் இருந்தது. என் கை நீளவில்லை. "காரியதரிசிக்கு வோட்டு கிடையாது, முத்தாரம்மா" என்றேன்.

"வோட்டா கேட்டேன்? வாயைத்தானே கேட்டேன்."

டம்ளரை ஜன்னலோரத்துக் குரோட்டன் தொட்டியில் கவிழ்த்துவிட்டுச் செம்புடன் போய்விட்டாள். வேலப்பன் குரோட்டன் தொட்டியை எட்டிப் பார்த்தான். அவன் என்னை ஏதாவது கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். அவனும் போய்விட்டான்.

நடவடிக்கைக் குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: 'நீர் மாதிரி சமர்ப்பிக்கப்பட்டது. உறுப்பினர்கள் கவனமாகப் பார்வையிட்டனர். ஆட்சேபணை இல்லை. கிணற்று நீர் தூயது என ஏகமனதாகத் தீர்மானம்.' இதில் ஒரு சொல்லாவது பொய் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

கைவிளக்கு வழவழப்பான காகிதத்தில் வெளியாயிற்று. கொஞ்ச நாள் பையன்கள் வேலி தாண்டிப் போனார்கள். காவல்காரன் போடப்பட்டான். மூன்று பேருக்கு அறை போயிற்று. மற்றவர்களுக்குப் பயம் வந்தது. மறுமாதமான கர்க்கடகம் முடியுமுன் முப்பது பேருக்குக் காய்ச்சிய கஞ்சிக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவன் தோட்டக்காரன். நான் போகவில்லை. உத்தரவை எழுதியவனே மீறுவது மரியாதையல்ல. நளபவனத்தில் காரியதரிசிக்கும் அபிப்பிராயம் உண்டு.

அவள் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிய அன்று தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். தற்செயலாக நான்கு முறை போனேன். நாலாவது முறை அவளே கூப்பிட்டாள்.

"தம்பானூருல பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓலைச் சாய்ப்பு கெடைச்சிருக்கு, அண்ணாச்சி. பஸ் டிரைவர்மாருக்குச் சோறு. அந்தப் பக்கம் வந்தா சாப்பிட வாங்க."

"வரேன்" என்றேன்.

"வெறுங்கையை வீசிட்டு வாங்க. கடுதாசி பேனா ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வண்டியோடு நடந்தாள். நான் இன்றுவரை தம்பானூர் ஸ்டாண்டைத் தவிர்த்துச் சுற்றுவழியில்தான் போகிறேன்.

துலா மாதத்து ஐப்பசி மழையில் இருபத்துமூன்று பேர் படுத்தார்கள். வேலியில் இந்த முறை தூக்குப்பாத்திரம் நீளவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள் என்று பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வேலப்பனை மட்டும் அவன் அப்பா வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போனார். பரீட்சைக்கு அவன் திரும்பவில்லை. அவனுடைய டிரான்ஸ்பர் சர்ட்டிபிகேட்டை நான்தான் எழுதினேன். 'நிலையத்தை விட்டு விலகும் காரணம்' என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்' என்று போட்டேன். அவன் அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப உபகாரம், சாமி" என்று கும்பிட்டார்.

கைவிளக்குக்கு ஏகப்பட்ட பாராட்டு. அடுத்த கோடையில் இரண்டாம் பதிப்பு. அதில் 'குடிநீர்' என்று ஒரு புதிய அத்தியாயம் வேண்டும் என்றார் கோமதிநாயகம். "உம்ம நடையில எழுதும்வே, பையன்களுக்கு நம்பிக்கை வரணும்" என்றார். நான் ஒரு முழுப் பகல் உட்கார்ந்து எழுதினேன்: 'நமது விடுதிக் கிணற்று நீர் தெளிவும் குளுமையும் இயற்கையான இனிமையும் உடையது. மாணவர்கள் தயக்கமின்றிப் பருகலாம்.' 'இனிமை' என்ற சொல்லைப் பேராசிரியர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து ரசித்தார்.

நல்ல மீன மாத வெயில். எழுதி முடித்தபோது எனக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது. கை எட்டும் தூரத்தில், அந்தக் கிணற்றிலிருந்து பியூன் நிரப்பி வைத்த மண்பானை வியர்த்துக்கொண்டிருந்தது.

பொறுத்துக்கொண்டேன். நாலு மைல் நடந்து வலியசாலைக்குப் போய், வீட்டில் குடித்தேன்.