பிரேக் பிடிக்காத காரும் உண்மை விளம்பிய தேவாங்கும்

ஒரு காட்டில், தார் ரோடு போட்ட கையோடு கரடி ஒன்று கார் கம்பெனி தொடங்கியது. கார் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரே குறை, பிரேக் பிடிக்காது. சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்றது மெக்கானிக் குரங்கு. விளம்பரம் செய்ய ஆறு நாள் போதும் என்றது கரடி.

விளம்பர வாசகம் எழுதும் வேலை தேவாங்குக்கு. பயந்த பிராணி. ஆனாலும் மனசாட்சி என்கிற கெட்ட பழக்கம் அதற்கு இருந்தது. போதாக்குறைக்கு அதன் உயிர்த்தோழன் முள்ளம்பன்றி வேலாயுதம் முதல் காரை புக் செய்துவிட்டது. எனவே அச்சுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் தேவாங்கு வாசகத்தை மாற்றிவிட்டது. மறுநாள் காடெங்கும் பலகைகள்:

"இந்தக் காரில் பிரேக் பிடிக்காது. தயவுசெய்து வாங்காதீர்கள்."

காடு விழுந்து விழுந்து சிரித்தது. "என்னா தில்லு பாருய்யா இந்தக் கம்பெனிக்கு!" என்றது நரி. ஷோரூம் வாசலில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது.

பதறிப்போன தேவாங்கு இன்னொரு பலகை வைத்தது: "சத்தியமாகச் சொல்கிறோம், செத்துப்போவீர்கள்." மான்கள் அதை ஸ்டேட்டஸாக வைத்துக்கொண்டன. வேலையை விட்டுத் தூக்க வந்த கரடி, தேவாங்குக்கு மாலை போட்டுவிட்டுப் போனது.

டெலிவரி நாள். ஷோரூம் இருந்தது மலைச்சரிவில். வேலாயுதம் அட்டைச் சாவியைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தது. தேவாங்கு ஓடியது. தேவாங்கு ஓடினால் என்ன வேகம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எப்படியோ வந்து சேர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டது.

"மாப்ள, எறங்குடா! நெசமாவே பிரேக் இல்லடா!"

"மூஞ்சிய எப்பிட்றா சிரிக்காம வச்சிருக்க? ஏம்ப்பா, யாராச்சும் வீடியோ எடுங்க. இன்னொருக்கா சொல்லு மாப்ள."

தேவாங்கு அழுதேவிட்டது. கூட்டம் கைதட்டியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சரிவில் இறங்கிய காரை ஆற்றோரப் பாறைதான் நிறுத்தியது. பாவம் வேலாயுதம், அதன் முட்களை மட்டுமே பொறுக்கி எடுக்க முடிந்தது.

வேலாயுதத்தின் மனைவி சிங்கத்திடம் வழக்குப் போட்டது. சாட்சி சொல்லத் தேவாங்கு வந்தது. தோழனுக்கு நியாயம் வாங்கித் தராமல் ஓய்வதில்லை என்று வைராக்கியத்தோடுதான் வந்தது.

"பிரேக் பிடிக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டது சிங்கம்.

"தெரியுங்கய்யா. அதத்தான் பலகையில எழுதினேன்."

"வாங்காதீங்கன்னும் எழுதினியா?"

"எழுதினேங்கய்யா. எங்கம்மா சத்தியமா."

சிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது.

"இவ்வளவு நேர்மையான கம்பெனியை நான் பார்த்ததே இல்லை. வழக்கு தள்ளுபடி."

நீதி: பொய் சொல்லி விற்பவன் என்றாவது ஒருநாள் மாட்டிக்கொள்வான், ஆகவே உண்மையைச் சொல்லியே விற்கவும், கொஞ்சம் சிரிப்பு வருகிற மாதிரி.