பூட்டு அண்ணாச்சியும் பூப்போட்ட கீபோர்டும்

தூத்துக்குடியில் தன்னுடைய சாப்பாட்டுத் தூக்குக்குப் பூட்டுப் போட்டு ஆபீசுக்குக் கொண்டுவந்த ஒரே மனிதர் எங்கள் பூட்டு அண்ணாச்சிதான். துறைமுக வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலர்கள்கூட மனிதர்களை அவ்வளவு சந்தேகத்தோடு பார்த்ததில்லை. தூக்குக்குள்ளே அப்படி என்ன இருந்தது என்கிறீர்களா? எலுமிச்சைச் சோறும் மாங்காய் ஊறுகாயும். அதையும் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார். பசித்தால் மனிதர் முதலில் இடுப்பைத்தான் தடவுவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவர். கடலைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். "என்னத்த கடலு? ஒரு கதவு உண்டா, தாழ்ப்பாள் உண்டா?" என்பார். இப்படி ஒருவர் கப்பல் சரக்கை நம்பிப் பிழைக்கிற ஆபீசில் தலைமைக் கிளார்க்காக வந்து சேர்ந்தது எங்கள் தலையெழுத்து.

எங்கள் ஆபீஸ் ஒரு கிளியரிங் ஏஜென்சி. பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், டீக்கடைக்கு மேல் மாடி. மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் ஏறும் வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய், ஜல்லி எல்லாவற்றுக்கும் சுங்கத்துறை இணையதளத்தில் காகிதம் போட்டு அனுமதி வாங்கிக் கொடுப்பது எங்கள் வேலை. முதலாளி காயல்பட்டினத்துக்காரர், தங்கமான மனிதர். நான் மில்லர்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் கம்ப்யூட்டர்காரி.

மாடியில் வைஃபை உண்டு, ஆனால் செல்போன் டவர் எடுக்காது. இணையதளத்துக்குள் நுழையத் தேவையான ஓடிபியோ முதலாளியின் போனுக்குத்தான் வரும். அதனால் அவர் கீழே டீக்கடை வாசலில் நிற்பார். ஓடிபி வந்ததும் தெருவிலிருந்து அண்ணாந்து கத்துவார். "நாலு... ஒம்போது... ரெண்டு... கேட்டுச்சாம்மா?" லாரி சத்தத்தில் எனக்குக் கேட்காவிட்டால் டீ மாஸ்டர் திருப்பிச் சொல்வார். பாஸ்வேர்டும் அப்படித்தான். முதலாளியின் ஊர்ப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். டீ மாஸ்டருக்கும் தெரியும், வடை வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு வெங்காயம் திருடு போனதில்லை.

அண்ணாச்சியால் இதைத் தாங்க முடியவில்லை. ஓடிபி வரும்போதெல்லாம் மாடிப்படியில் பாதி வரை இறங்கி நின்று, முதலாளியைக் காதோடு காதாகச் சொல்லச் சொன்னார். முதலாளி பாவம், மூட்டுவலிக்காரர். "நா என்ன பொண்ணு கடத்தவா அண்ணாச்சி போறேன்? ஒரு நம்பரச் சொல்றதுக்கு என்னைய மாடியேத்துறியளே!" என்று படியில் உட்கார்ந்துவிடுவார்.

சந்தேகம் அவருக்கு வீட்டிலும் நின்றதில்லை. ஆபீஸ் வைஃபையில் அவருடைய மனைவி வாட்ஸ்அப்பில் அழைத்தால், குரலைக் கேட்டதும் பேச மாட்டார். "நேத்து ராத்திரி நம்ம வீட்ல என்ன கொழம்பு?" என்று முதலில் கேட்பார். இந்தக் காலத்தில் குரலைக்கூடத் திருடுகிறார்களாம். அந்தம்மா ஒருநாள், "நீங்க வாயில வைக்காம எந்திரிச்சுப் போனீயல்லா, அந்தக் கொழம்பு!" என்று கத்தியது எனக்கே கேட்டது. "சரி, நீதான். சொல்லு" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பிறகு எங்கோ எதையோ படித்துவிட்டு பாஸ்வேர்டு மேனேஜர் என்றொரு ஆப்பைக் கண்டுபிடித்தார். ஊரில் இருக்கிற சாவியையெல்லாம் ஒரே பெட்டகத்தில் போட்டு, அந்தப் பெட்டகத்துக்கு ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்கும் ஏற்பாடு. யாரையும் நம்பாத மனிதர் முன்பின் தெரியாத எவனோ செய்த ஆப்பை நம்பினார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆபீசின் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றினார். எறும்பு மையில் விழுந்து தாளில் நடந்ததுபோல ஒவ்வொன்றும் நீளமாக, அர்த்தமில்லாமல், அவருக்கே வாசிக்க வராமல் இருந்தது. "எனக்கே தெரியாதுன்னா திருடனுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று பெருமையாகக் கேட்டார்.

காலையில் பெட்டகத்தைத் திறக்கும் வைபவம் நடக்கும். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, துண்டைத் தலைமேல் போட்டுப் போனையும் உள்ளே இழுத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அவர் ஆவி பிடிக்கிறார் என்றுதான் தோன்றும். புதிதாக வந்த ஒரு லாரி டிரைவர், "ஐயாவுக்குச் சளியா?" என்று விசாரித்துவிட்டுச் சுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து என் கீபோர்டின் மேல் கண் விழுந்தது. நான் போனில் ஒரு கீபோர்டு ஆப் போட்டிருந்தேன். மஞ்சள் பூக்கள் பின்னணியில் எழுத்துகள் மிதக்கும். இங்கிலீஷில் தட்டினால் தமிழில் விழும். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு ஏதோ பாம்பைக் கண்டவர்போல் எழுந்துவிட்டார்.

"ஏளா, இது போன் கம்பெனிக்காரன் குடுத்த கீபோர்டா?"

"இல்ல அண்ணாச்சி, நானே எறக்கினது. பூ நல்லாருக்குல்லா?"

"ஒன் வீட்டுக் கதவக் கழத்திப் போட்டுட்டு, ரோட்டுல போறவன் குடுத்த கதவ மாட்டி வச்சிருக்க. நீ தட்டுத ஒவ்வொரு எழுத்தும் அவன் காதுக்குப் போவுது, தெரியுமா?"

"எங்கம்மைக்கு 'சாளை வாங்கவா, ஊளி வாங்கவா'ன்னு தட்டுதேன். அவன் அதக் கேட்டு என்ன செய்யப் போறான்?"

"இன்னைக்கு மீனு. நாளைக்கு?"

"நாளைக்கு வெள்ளிக்கிழம. காய்தான்."

மனிதர் சிரிக்கவில்லை. என் போனை வாங்கி, பூக்களை அழித்தார். அதோடு விட்டாரா? தன் பாஸ்வேர்டு ஆப்பை அதில் இறக்கினார். "கட்டவெரல வையி" என்றார். வைத்தேன். தன் போனில் எதையோ அமுக்கினார், என் போனில் எதையோ அமுக்கினார், கடைசியில் என் கையில் திருப்பிக் கொடுத்தார். நான் அந்த ஆப்பை அதற்குப் பிறகு திறந்தே பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பூக்களைத் திரும்ப இறக்கிக்கொண்டேன். கீபோர்டுகளைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மைதான். அவர் சொன்ன தோரணையில் முழு உண்மையைச் சொன்னாலும் எவரும் கேட்க மாட்டார்கள்.

இனிதான் அந்த நாள் வருகிறது. காற்றுக்காலம் தொடங்கினால் தோணிகள் மாலத்தீவுக்குப் போக அனுமதி கிடையாது; சில மாதங்களுக்குக் கரையில் கட்டிக் கிடக்க வேண்டியதுதான். அந்தப் பருவத்தின் கடைசி நாள் அது. கடைசித் தோணி எங்கள் கணக்கில்தான் நின்றது. தக்காளியும் கோழிமுட்டையும் ஏற்றியாகிவிட்டது. மதியத்துக்குள் இணையதளத்தில் காகிதம் ஏறினால்தான் புறப்படலாம். தோணியை ஓட்டும் தலைவரைத் தண்டல் என்போம். மிக்கேல் தண்டல் காலையிலேயே எங்கள் மாடிக்கு வந்து நின்றுவிட்டார். இந்த நடை போய் வந்தால்தான் அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் கரையில் கிடக்கிற மாதங்களில் அடுப்பு எரியும்.

அண்ணாச்சி வழக்கம்போல் துண்டுக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்டல் என்னைப் பார்த்தார், நான் துண்டைப் பார்த்தேன். கடைசியில் துண்டு விலகியபோது உண்மையிலேயே ஆவி பிடித்தவர்போல் வேர்த்திருந்தார்.

"போனு தானா அப்டேட் ஆயி, அணைஞ்சு எரிஞ்சிருக்கும்மா. முதல்லேருந்து மாஸ்டர் பாஸ்வேர்டக் கேக்குது."

"போடுங்க அண்ணாச்சி. தெனம் போடுதீயல்லா?"

"தெனம் போட்டது சின்ன நம்பருல்லா. மாஸ்டரு வேற. அதத் தமிழ்ல வச்சிருக்கேன்."

"தமிழ்லயா?"

"திருடனுக்கு இங்கிலீஷ் தெரியும், நம்பர் தெரியும். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிருப்பானா?"

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அண்ணாச்சி அந்தக் காலத்தில் தட்டச்சுப் பள்ளியில் தமிழ் ஹையர் தேறியவர். விரல்களுக்குப் பழைய டைப்ரைட்டரின் எழுத்து வரிசைதான் தெரியும். அந்த வரிசை அவருடைய போனில் இல்லை. அதனால் வெளியிலிருந்து ஒரு கீபோர்டை இறக்கியிருக்கிறார். ஆமாம், ரோட்டில் போகிறவன் கொடுத்த கதவு! அதில் தட்டித்தான் தமிழில் நீளமாக மாஸ்டர் பாஸ்வேர்டை வைத்திருக்கிறார். பிறகொரு நாள் ஆப்புக்குள் மேய்ந்தபோது, "வெளிக் கீபோர்டுகளை அனுமதிக்காதே" என்றொரு வசதி கண்ணில் பட்டிருக்கிறது. பார்த்ததும் சந்தோஷமாக அமுக்கிவிட்டார். இப்போது பாஸ்வேர்டுப் பெட்டியில் இங்கிலீஷ் கீபோர்டு மட்டும்தான் வருகிறது. அந்த வசதியை எடுத்துவிடப் பெட்டகத்துக்குள் போக வேண்டும். பெட்டகத்துக்குள் போகத் தமிழில் தட்ட வேண்டும்.

"வேற எடத்துல தட்டி, காப்பி பண்ணி ஒட்டுங்க."

"ஒட்டுறதையும் நிப்பாட்டிட்டேம்மா."

"கைரேகை?"

"தூங்கும்போது எவனாச்சும் வெரலப் புடிச்சு வச்சுட்டா? அதான் வைக்கல."

"வேற போன்ல தொறங்க."

"புதுப் போன்ல தொறந்தா மெயிலுக்கு ஒரு நம்பர் வரும்."

"மெயிலத் தொறங்க அண்ணாச்சி!"

"மெயிலு பாஸ்வேர்டு உள்ளல்லா இருக்கு."

மிக்கேல் தண்டல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "சேசுவே! காத்து மாறுனா நா சமாளிச்சுருவேன், நீவாடு மாறி நீரோட்டம் இழுத்தாலும் சமாளிச்சுருவேன். இது என்ன எழவுன்னே வெளங்கலையே. எம்மா, எம்புட்டுத் தக்காளி தெரியுமா ஏத்திருக்கு?"

கீழேயிருந்து முதலாளி கத்தினார். "என்னம்மா, ஓடிபி இன்னும் வரலையே! உள்ள போனீயளா இல்லையா?" நான் சன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னேன். பிறகு, தங்கமான மனிதரின் வாயிலிருந்து நான் முதன்முறையாக அந்தக் குரலைக் கேட்டேன். "அண்ணாச்சிட்ட சொல்லும்மா. இந்தத் தோணி இன்னைக்குப் போகலைன்னா, நாளைலேருந்து அவுக தன் சாப்பாட்டுத் தூக்க மட்டும் பூட்டிட்டு வீட்லயே இருக்கட்டும்."

அண்ணாச்சிக்கு அது கேட்டது. துண்டை மடித்துத் தோளில் போட்டார். அத்தனை வருட எரிச்சலையும் சேர்த்து அவர் முகத்துக்கு நேராகக் கொட்டத்தான் நான் வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"ஒம் போனக் குடும்மா."

கொடுத்தேன். நான் மறந்தே போயிருந்த அந்த ஆப்பைத் தேடி எடுத்து, "வெரல வையி" என்றார். வைத்தேன். ஒரு பக்கம் திறந்தது. அந்த ஆப்பில் ஒரு ஏற்பாடு உண்டாம். பெட்டகக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதைத் திறந்துகொள்ள நம்பிக்கையான ஒருவரை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். அவர் கேட்டதிலிருந்து எவ்வளவு நேரம் கழித்துத் திறக்கலாம் என்பதையும் சொல்லி வைக்கலாம்: ஒரு மாதம், ஒரு வாரம், ஒரு நாள், அல்லது உடனே.

பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இருந்தது. நேரம் இருந்த இடத்தில் 'உடனே' என்று இருந்தது.

கட்டிய மனைவியிடம் குழம்பு விசாரிக்கிற மனிதர்! கொட்ட எடுத்த வாயால் கேட்டேன்: "என்னையவா அண்ணாச்சி போட்டிருக்கீய?"

"வேற யாரப் போட? எம் பொஞ்சாதி உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவா. முதலாளி தெருவுல நின்னு வாசிச்சுருவாரு. நீயி இத்தன நாளா கையில வச்சிருந்தும் தொட்டுக்கூடப் பாக்கல. ஆகாத சோம்பேறி." திட்டினாரா, பாராட்டினாரா என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

என் போனில் பெட்டகம் திறந்தது. எறும்பு நடந்த பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினேன். கீழே முதலாளி கத்தத் தொடங்கினார். சரியாக அந்த நேரம் பார்த்து உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணாச்சி சன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, தெருவே நின்று பார்க்கும்படி கத்தினார். "மொதலாளி, கேக்கல! இன்னும் சத்தமாச் சொல்லுங்க! டீ மாஸ்டரு, நீரும் சேந்து சொல்லும்!" டீ மாஸ்டர் சொன்னார். வடை தின்றுகொண்டிருந்தவரும் சொன்னார். காகிதம் ஏறியது. மிக்கேல் தண்டல் நன்றி சொல்லக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினார்.

சாயங்காலம் தோணி முனையைத் தாண்டிப் போவதை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம். "கதவும் இல்ல, தாழ்ப்பாளும் இல்ல. இதுல எப்படித்தான் நம்பிப் போறானுவளோ" என்று அண்ணாச்சி கடலைத் திட்டினார். மறுநாள் அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டு இங்கிலீஷுக்கு மாறியது. அந்தத் தமிழ் வாக்கியம் என்ன என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

போன வருடம் ஓய்வு பெற்று விளாத்திகுளத்துக்கே போய்விட்டார். அவர் போன பிறகு ஓடிபி மறுபடியும் தெருவிலிருந்துதான் வருகிறது. ஆபீஸ் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் என் சொந்தப் பாஸ்வேர்டுகளை அந்த ஆப்பில் போட்டுவிட்டு, நம்பிக்கையான ஆள் என்ற இடத்தில் அவர் பெயரைக் கொடுத்தேன். உடனே வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"எம்மா, ஒம்பேரு போட்டு ஒரு மெயில் வந்திருக்கு. நீதான் அனுப்புனன்னு நா எப்படி நம்புறது?"

"அந்தப் பூப்போட்ட கீபோர்டுல தட்டித்தான் அனுப்புனேன் அண்ணாச்சி."

"இன்னும் அதத் தொலைக்கலையா நீயி!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "அப்ப நீயேதான்" என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் நானும் 'உடனே' என்றுதான் போட்டிருந்தேன்.